நீளும் பயமும் தணியும் கொந்தளிப்பும்: ஆளுமைக் கோளாறு, பதற்ற நோய் பற்றிய நெடுங்கால ஆய்வுகள்

மனநலச் சிக்கல் உள்ள வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இரண்டு உண்டு. நொடியில் கோபம் வெடிக்கிற, கையைக் கீறிக்கொள்கிற, எல்லோரும் தன்னை விட்டுப் போய்விடுவார்கள் என்று தவிக்கிற மகளைப் பற்றி, "அது அவ குணம், மாத்த முடியாது" என்பார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க நடுங்குகிற, கல்யாண வீட்டுக்குப் போகச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிற மகனைப் பற்றி, "சும்மா கூச்சம்தான், வயசானா சரியாயிடும்" என்பார்கள்.

மருத்துவர்களிலும் பலர் வெகுகாலம் இப்படித்தான் நம்பினார்கள். முதலாவது ஆளுமைக் கோளாறு, ஆயுளுக்கும் போகாது. இரண்டாவது பதற்ற நோய், அது லேசான விஷயம். ஆனால் ஒரே நோயாளிகளைப் பத்து, இருபது ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்த ஆய்வுகளைப் படித்தால் இந்த இரண்டு நம்பிக்கையும் நிற்பதில்லை. மாறவே மாறாது என்று கைவிடப்பட்ட நோயின் கொந்தளிப்பு பெரும்பாலானவர்களுக்குத் தணிகிறது. தானாகப் போய்விடும் என்று விடப்பட்ட பயம் பலரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. சிகிச்சையை யாருக்கு, எப்போது, எவ்வளவு காலம் தருவது என்பதெல்லாம் இதைப் பொறுத்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

மாறாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பை, அதாவது டி.எஸ்.எம்-3ஐ வெளியிட்டது. அதில் ஆளுமைக் கோளாறுகளை மற்ற மனநோய்களிலிருந்து பிரித்து, தனி அச்சில், அதாவது தனிப் பட்டியலில் வைத்தார்கள். மனச்சோர்வும் பீதியும் வந்து போகும் நோய்கள். ஆளுமைக் கோளாறு இளம் வயதில் தொடங்கி நீடித்து நிற்கும் ஒன்று என்பது அந்தப் பிரிவினைக்குள் இருந்த கருத்து. தொடக்கத்தில் பார்த்த மகளுக்கு இருப்பது போன்ற கொந்தளிப்புக்கு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்று பெயர்; அது அதிகாரபூர்வமான நோயாக இடம்பெற்றதும் அந்தப் பதிப்பில்தான். நிலையானது என்பதை வரையறையிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். உண்மையிலேயே நிலைக்கிறதா என்று பார்க்கும் நீண்ட ஆய்வுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தொடங்கின.

இன்னொரு காரணமும் உண்டு. பேட்ரிஷியா கோஹன், ஜேக்கப் கோஹன் இருவரும் 1984-இல் அதை ஆராய்ந்து, மருத்துவரின் மாயத்தோற்றம் என்று பெயரிட்டார்கள். குணமானவர் மருத்துவமனைக்குத் திரும்பி வருவதில்லை. குணமாகாதவர் மாதாமாதம் வருகிறார். ஆகவே மருத்துவரின் கண்ணில் மறுபடி மறுபடி படுவது இரண்டாவது வகையினர்தான். டுடோரியல் காலேஜில் மட்டுமே பாடம் எடுத்த ஆசிரியர், ஊரில் யாருமே பத்தாம் வகுப்பு தேறுவதில்லை என்று நினைப்பது போலத்தான் இது. அனுபவம் கூடக் கூட அந்தத் தவறான எண்ணமும் உறுதிப்படும். இதை உடைக்க ஒரே வழி, மருத்துவமனைக்கு வருகிறவர் வராதவர் என்று பார்க்காமல், தொடக்கத்தில் பதிவு செய்த எல்லோரையும் தேடிப்போய் விசாரிப்பது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஜனாரினி அதைத்தான் செய்தார். 1992-இல் தொடங்கி, அங்கே உள்நோயாளிகளாக இருந்த 18 முதல் 35 வயது வரையிலான 290 பார்டர்லைன் நோயாளிகளையும், ஒப்பீட்டுக்காக வேறு ஆளுமைக் கோளாறு உள்ள 72 பேரையும் சேர்த்துக்கொண்டார். உள்நோயாளிகள் என்பது முக்கியம். லேசான நிலையில் இருந்தவர்கள் அல்ல. படுக்கையில் சேர்க்கும் அளவுக்கு நிலைமை முற்றியவர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொருவரிடமும் விரிவான நேர்காணல். எங்கே வேலை பார்க்கிறார், யாருடன் இருக்கிறார், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாரா, என்ன சிகிச்சை பெற்றார் என்று எல்லாமே பதிவானது.

பத்து ஆண்டுகள் முடிந்தபோது வந்த கணக்கு பலரை உலுக்கியது. 93 சதவீதம் பேர் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது நோய்க்கான வரையறைக்கு வெளியே இருந்திருந்தார்கள். நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அப்படி இருந்தவர்கள் 86 சதவீதம். பதினாறு ஆண்டுகளில் இரண்டாண்டுத் தணிவை எட்டியவர்கள் 99 சதவீதம். எட்டாண்டுத் தணிவை எட்டியவர்கள் 78 சதவீதம்.

ஒரே மருத்துவமனையின் கணக்கு என்று இதை ஒதுக்கவும் முடியாது. பிரவுன், கொலம்பியா, ஹார்வர்ட், யேல் ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த குழுக்கள் 1996-இல் இன்னொரு கூட்டாய்வைத் தொடங்கின. அதன் பத்தாண்டு முடிவை ஜான் கண்டர்சன் தலைமையில் 2011-இல் வெளியிட்டார்கள். அங்கே அளவுகோல் இன்னும் கறாரானது: ஒன்பது அறிகுறிகளில் இரண்டுக்கு மேல் இல்லாமல் முழுதாக ஓராண்டு கடந்திருக்க வேண்டும். அப்படியும் 85 சதவீதம் பேர் தேறினார்கள். தேறியவர்களில் மறுபடி நோய்க்குள் விழுந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். மனச்சோர்வு நோய் திரும்பி வரும் விகிதத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

எல்லா அறிகுறிகளும் ஒரே வேகத்தில் போவதில்லை. கையைக் கீறிக்கொள்வது, தற்கொலை முயற்சி போன்ற அவசர அறிகுறிகள் முதலில் விலகுகின்றன. உள்ளே இருக்கும் வெறுமை, தீராத கோபம், கைவிடப்படுவோம் என்ற பயம் இவையெல்லாம் மெதுவாகத்தான் கரைகின்றன. பார்க்கிறவர்களுக்கு ஆள் தேறியது போலத் தெரியும். அவருக்கோ உள்ளே இன்னும் பாதி பாக்கி இருக்கும். குடும்பங்களுக்கு இது தெரிந்திருந்தால், "இப்பதான் நல்லா இருக்கியே, இன்னும் என்ன?" என்ற கேள்வி பல வீடுகளில் எழாது.

இந்த நல்ல செய்தியைச் சொல்லும்போது கூடவே சொல்ல வேண்டிய ஒன்று உயிரிழப்பு. மெக்லீன் ஆய்வில் 24 ஆண்டுகளில் பார்டர்லைன் நோயாளிகளில் 5.9 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். முன்பு பாடநூல்கள் சொல்லிவந்த பத்து சதவீதத்தைவிடக் குறைவுதான், ஆனாலும் மிகப் பெரிய இழப்பு. அதைவிட அதிகமாக, 14 சதவீதம் பேர் வேறு காரணங்களால் இறந்திருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் அது 5.5 சதவீதம். மனம் தேறாதவர்களின் உடலும் சீக்கிரம் தளர்கிறது என்பதை மனநலத் துறை இன்னும் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். இதை வாசிப்பவர்களில் யாருக்காவது இப்போதே உதவி தேவைப்பட்டால், இந்தியாவில் டெலி-மனாஸ் 14416 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் தமிழிலேயே பேசலாம், இலங்கையில் 1926.

சரி, பதற்ற நோய்க்கு வருவோம். இங்கே பெரிய ஆய்வு ஹார்வர்டும் பிரவுனும் இணைந்து 1989-இல் தொடங்கியது. மார்ட்டின் கெல்லர் முன்னின்று நடத்தினார். எழுநூற்றுச் சொச்சம் பேர். திடீர் பீதித் தாக்குதல் வருபவர்கள், வெளியிடங்களுக்கும் கூட்டத்துக்கும் அஞ்சுபவர்கள், எந்நேரமும் கவலையில் உழல்பவர்கள், பிறர் முன் பேசவோ பழகவோ அஞ்சுபவர்கள் என்று எல்லா வகையினரும் அதில் இருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டு முடிவுகள் 2005-இல் வெளிவந்தன.

குணமாவது என்று இவர்கள் வைத்த அளவுகோல்: எட்டு வாரங்கள் தொடர்ச்சியாக அறிகுறி ஏறக்குறைய எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். எட்டே வாரங்கள்தான். பன்னிரண்டு ஆண்டுகளில் அப்படி ஒரு எட்டு வாரத்தை எட்டும் வாய்ப்பு சமூக அச்சம் உள்ளவர்களுக்கு 37 சதவீதமாக இருந்தது. பொதுப் பதற்றத்துக்கு 58, வெளியிட அச்சத்தோடு சேர்ந்த பீதிக்கு 48. வெளியிட அச்சம் இல்லாத பீதி மட்டும் 82 என்று மேலே நின்றது. அப்படிக் குணமானவர்களிலும் நிறையப் பேருக்கு நோய் திரும்பியது: பீதி நோயில் பாதிக்கு மேல், பொதுப் பதற்றத்தில் 45 சதவீதம், சமூக அச்சத்தில் 39 சதவீதம்.

இரண்டு கணக்கையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பார்டர்லைன் ஆய்வுகளில் தணிவு என்பது வரையறைக்கு வெளியே வருவது. ஓரிரு அறிகுறி மிச்சம் இருக்கலாம். பதற்ற ஆய்வில் குணம் என்பது அறிகுறியே ஏறக்குறைய இல்லாமல் இருப்பது. அளவுகோல் வேறு. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களைப் பின்தொடர்ந்தால், மிக மோசமான கட்டத்திலிருந்து கணக்கு தொடங்குவதால் முன்னேற்றம் கூடுதலாகத் தெரியும் என்பதும் உண்மை. இதையெல்லாம் கழித்த பிறகும், பதற்றம் லேசானது, ஆளுமைக் கோளாறு மாறாதது என்று சொல்ல இடமில்லை.

பயம் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது? அதை உயிரோடு வைத்திருப்பது தவிர்ப்பு. கல்லூரியில் செமினார் எடுக்க வேண்டிய நாளில் ஒரு மாணவி காய்ச்சல் என்று சொல்லி லீவு போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அன்று காலை அவளுக்கு வரும் நிம்மதி உண்மையானது. அந்த நிம்மதியே, போயிருந்தால் ஏதோ விபரீதம் நடந்திருக்கும் என்று அவள் மூளைக்குக் கற்றுக் கொடுக்கிறது. போய்ப் பார்க்காததால், எதுவும் நடந்திருக்காது என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் போய்விட்டது. அடுத்த முறை பயம் ஒரு படி கூடுதல். அப்புறம் அவள் தேர்ந்தெடுக்கும் படிப்பு, வேலை, நண்பர்கள் எல்லாமே அந்தப் பயத்துக்கு ஏற்ப அமைந்துவிடும். சமூக அச்சம் பெரும்பாலும் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், வெளியில் அது நோயாகவே தெரிவதில்லை. அமைதியான பிள்ளை என்று பெயர் வாங்கிவிடுகிறது. பார்டர்லைனின் கொந்தளிப்பு யார் கண்ணுக்கும் தப்பாது, எப்படியாவது சிகிச்சைக்குக் கொண்டுவந்துவிடும். பதற்றம் சத்தம் போடுவதில்லை.

இரண்டையும் ஒரே ஆய்வில் வைத்துப் பார்த்தது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஆய்வு. 1980-களில் பீட்டர் டைரர், பதற்றமோ நாட்பட்ட மனச்சோர்வோ உள்ள 210 பேரைச் சேர்த்தார். சிலருக்கு டயஸிபாம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை, சிலருக்கு டோதியெபின் என்ற மனச்சோர்வு மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, சிலருக்குச் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை, சிலருக்குச் சுய உதவி வழிகாட்டல் என்று பத்து வாரங்கள் தந்தார்கள். 1988-இல் வந்த முடிவில் டயஸிபாம் மட்டும் பின்தங்கியிருந்தது. அதே நோயாளிகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சந்தித்தபோது கிடைத்த விவரம் 2002-இல் வெளியானது, அதுதான் இன்னும் சுவாரசியமானது. முரட்டுத்தனம், நாடகத்தனம் போன்ற கொந்தளிப்புக் குணங்கள் வயதோடு குறைந்திருந்தன. சந்தேகம், ஒதுங்கல், அளவு மீறிய ஒழுங்கு, பதற்றத்தோடு கூடிய தவிர்ப்பு இவை கூடியிருந்தன. ஆளுமை மாறுகிறது; ஆனால் எல்லாம் ஒரே திசையில் மாறுவதில்லை.

இதே டைரர்தான் பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 வகைப்பாட்டுக்கு ஆளுமைக் கோளாறு குழுவின் தலைவரானார். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த வகைப்பாடு, பழைய தனித்தனி வகைகளைக் கைவிட்டு, ஆளுமைக் கோளாறை லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று தீவிர அளவில் பிரிக்கிறது. பார்டர்லைன் என்ற பெயர் ஒரு கூடுதல் குறிப்பாக மட்டும் தங்கியிருக்கிறது. தீவிரம் என்பது காலப்போக்கில் ஏறி இறங்கும் ஒன்று என்பதால், மாறாது என்ற பழைய முத்திரைக்கு இதில் இடம் குறைவு. அந்த வகையில் இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன்.

சிகிச்சை விஷயத்தில் பார்டர்லைனின் திருப்புமுனை 1991. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷா லினஹன், தான் உருவாக்கிய டி.பி.டி. (டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி) என்ற சிகிச்சையின் முதல் ஆய்வை அப்போது வெளியிட்டார். உன்னை இருக்கிறபடியே ஏற்கிறேன், நீ மாறவும் வேண்டும் என்ற இரண்டையும் ஒருசேரப் பிடிப்பது அதன் அடிப்படை. தனி ஆலோசனை, கொந்தளிப்பைத் தாங்கும் திறன்களைக் கற்றுத்தரும் குழு வகுப்பு, நெருக்கடி நேரத்தில் தொலைபேசி உதவி எல்லாம் சேர்ந்தது. 2006-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள நிபுணர்களிடம் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் டி.பி.டி. பெற்றவர்களிடம் தற்கொலை முயற்சி பாதியாகக் குறைந்திருந்தது. தானும் இளம் வயதில் இதே துயரத்தோடு மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர் என்பதை லினஹன் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்தத் துறையில் அவ்வளவு பெயர் பெற்ற பிறகு அதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

லண்டனில் ஆன்டனி பேட்மனும் பீட்டர் ஃபோனகியும் வேறு வழியில் போனார்கள். தன் மனதிலும் எதிரே இருப்பவர் மனதிலும் என்ன ஓடுகிறது என்று நிதானமாக யோசிக்கும் திறனை வளர்ப்பது அவர்கள் முறை. பதினெட்டு மாதங்கள் பகல்நேர மருத்துவமனையில் அந்தச் சிகிச்சை பெற்றவர்களையும் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களையும், தொடங்கி எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பில் 87 சதவீதம் பேர் இன்னும் நோய்க்குள் இருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 13 சதவீதம்தான். மொத்தமே 41 பேர் என்பதால் எண்ணை நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழிந்தும் பலன் நின்றது என்பது பெரிய விஷயம்.

இவ்வளவு விரிவான சிகிச்சைக்கு எங்கே போவது என்று கேட்கத் தோன்றும். டொரான்டோவில் ஷெல்லி மெக்மெய்ன் குழு 180 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் உதவுகிறது. ஒரு பாதிக்கு ஓராண்டு டி.பி.டி.; மறு பாதிக்கு நோயைப் பற்றித் தெரிந்த மனநல மருத்துவர் வாரம் ஒருமுறை ஒழுங்காகப் பார்ப்பது. முடிவில் இரண்டு குழுவும் நன்றாக முன்னேறின, பெரிய வித்தியாசம் இல்லை. நோயை ஒளிக்காமல் பெயர் சொல்லி விளக்குவது, நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே திட்டமிடுவது, நோயாளியைப் பொல்லாதவராகப் பார்க்காமல் இருப்பது, தொடர்ச்சியாக ஒரே ஆள் கவனிப்பது. இவ்வளவும் இருந்தால் பெயர் பெற்ற சிகிச்சைக்கு ஈடாக நிற்க முடிகிறது. பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் குறைவாக உள்ள எந்த நாட்டுக்கும் இதைவிடப் பயனுள்ள ஆய்வு முடிவு வேறு இல்லை என்பேன்.

மருந்து? பார்டர்லைன் கோளாறுக்கென்று தனியாக மருந்து தர வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2009-லேயே சொல்லிவிட்டது. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு உதவும் என்று எதிர்பார்த்த லாமோட்ரிஜினை 276 பேரிடம் ஓராண்டு சோதித்த பிரிட்டன் ஆய்வு 2018-இல் வந்தது; வெற்று மாத்திரையைவிடப் பலன் எதுவும் தெரியவில்லை. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்படலாம், அது வேறு. ஆனால் அமெரிக்கக் கூட்டாய்வு கவனித்த ஒன்றை இங்கே நினைவில் வைக்க வேண்டும்: பார்டர்லைன் தணிந்தால் அதைத் தொடர்ந்து மனச்சோர்வும் தணிகிறது, மனச்சோர்வு தணிந்தால் பார்டர்லைன் தணிவதில்லை. மனச்சோர்வுக்கு மட்டும் மாத்திரை மாற்றி மாற்றித் தந்துகொண்டே ஆண்டுகளைக் கடத்துவது ஏன் பலன் தருவதில்லை என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

பதற்ற நோயில் மருந்துக்கு இதைவிடத் தெளிவான இடம் உண்டு. சிந்தனை-நடத்தைச் சிகிச்சை, குறிப்பாக அஞ்சுவதைப் படிப்படியாக நேரில் எதிர்கொள்ளும் பயிற்சி, தவிர்ப்பின் வேரையே பிடுங்குகிறது. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ரலின் போன்ற மருந்துகளும் பதற்றத்தைக் குறைக்கின்றன. சிக்கல் நிறுத்தும்போது வருகிறது. மருந்தால் தேறியவர்களை வைத்து நடந்த 28 ஆய்வுகளை 2017-இல் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் 16 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 36 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. டேவிட் பார்லோ பீதி நோயாளிகள் 312 பேரிடம் நடத்திய ஆய்வு 2000-இல் வந்தது. இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் சிகிச்சைக் காலத்தில் நன்றாகவே இருந்தார்கள். எல்லாவற்றையும் நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பேச்சுச் சிகிச்சையை மட்டும் பெற்றவர்களின் முன்னேற்றம்தான் உறுதியாக நின்றது.

அல்பிரஸோலம், குளோனஸிபாம், டயஸிபாம் வகை மாத்திரைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அரை மணி நேரத்தில் அமைதி தருவதாலேயே அவை ஆபத்தானவை. பழக்கமாகிவிடும், அளவு கூடும், பயத்தை எதிர்கொண்டு கற்க வேண்டிய பாடத்தையும் கற்க விடாது. மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பவர் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. வலிப்பு வரை போகலாம். மருத்துவர் மேற்பார்வையில் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் கிடைத்த முடிவு என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 488 பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வாரங்கள் சிகிச்சை தந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்தபோது 81 சதவீதம் பேர் நன்கு முன்னேறினார்கள். வெற்று மாத்திரையில் 24 சதவீதம். அருமையான பலன். அதே பிள்ளைகளில் 319 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் சந்தித்தபோது, தொடர்ந்து நலமாக இருந்தவர்கள் 22 சதவீதம் மட்டுமே. 30 சதவீதம் பேருக்கு நோய் நீங்கவே இல்லை. மீதிப் பேருக்கு வந்து வந்து போனது. பன்னிரண்டு வாரச் சிகிச்சை நல்ல தொடக்கம்தான். சர்க்கரை நோய்க்கு மறுபரிசோதனை இருப்பதுபோல் பதற்றத்துக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்து, தேவைப்பட்டால் நாலு அமர்வு மறுபடி தரும் ஏற்பாடு வேண்டும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

மெக்லீன் ஆய்வில் தணிவு ஒரு பக்கம் என்றால், முழு மீட்சி இன்னொரு பக்கம். அறிகுறி தணிந்திருப்பதோடு, ஒரு நல்ல உறவும் தொடர்ந்த முழுநேர வேலையோ படிப்போ இருந்தால்தான் மீட்சி என்று ஜனாரினி வைத்தார். அதைப் பத்து ஆண்டுகளில் எட்டியவர்கள் பாதிப் பேர். பதினாறு ஆண்டுகளில் 60 சதவீதம். 99 எங்கே, 60 எங்கே. இடறுவது பெரும்பாலும் உறவில்கூட இல்லை, வேலையில். நோய் உச்சத்தில் இருந்த பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுதான் மற்றவர்கள் படித்து, தொழில் கற்று, முதல் வேலையில் நிலைபெறும் காலம். நோய் தணிந்து திரும்பிப் பார்க்கும்போது அந்த வருடங்கள் போய்விட்டிருக்கும்.

கண்டர்சன் தன் சிகிச்சை முறையில் இதை நேரடியாகவே பேசினார். காதலில் நிலைபெறுவதற்கு முன் வேலையில் நிலைபெறுங்கள் என்பது அவர் நோயாளிகளுக்குச் சொன்னது. பகுதிநேர வேலை, தன்னார்வப் பணி, பாதியில் விட்ட படிப்பு எதுவானாலும் சிகிச்சை தொடங்கும்போதே அதையும் தொடங்க வேண்டும். முழுசாகக் குணமாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. நெருங்கிய உறவு கொந்தளிப்பைக் கிளறும், வேலையின் ஒழுங்கு அதை அடக்கும் என்பது அவர் கண்ட நடைமுறை. பதற்ற நோய்க்கும் இது பொருந்தும், காரணம் மட்டும் வேறு: வேலைக்குப் போவதே அங்கே எதிர்கொள்ளும் பயிற்சி. தேறிவரும் பிள்ளையிடம் இன்று எப்படி இருக்கிறாய் என்று கேட்பதோடு, அடுத்த மாதம் எதில் சேரப் போகிறாய் என்றும் வீட்டில் கேட்கலாம். மருத்துவரிடமும் அதையே கேட்கலாம்.